மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி: அட்ரினல் சுரப்பியைச் சந்தேகித்தால் எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: வயது 38. மூன்று வருடமாக ரத்த அழுத்தம். டெல்மிசார்டன், ஆம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் தவறாமல் எடுத்தும் 160/100க்குக் கீழே இறங்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 3.1. அட்ரினல் ஹார்மோன் காரணமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். நேராக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி இருந்தால் அறுவை செய்துவிடலாமா?

ஸ்கேனை முதலில் எடுக்காதீர்கள். உங்களுக்கு இருக்கலாம் என்று தோன்றுவது, ஆல்டோஸ்டிரோன் என்ற அட்ரினல் ஹார்மோன் மிகுந்து சுரக்கும் நோய். இந்த நோயில் முதலில் ரத்தம், பிறகு உறுதி செய்யும் சோதனை, அதன்பிறகே ஸ்கேன், அறுவைக்குப் போவதாக இருந்தால் அதற்கு முன் அட்ரினல் சிரை ரத்தப் பரிசோதனை, அதாவது இரு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்துப் பார்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் தவறான பக்கத்துச் சுரப்பியை இழக்கும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது. ஏன் என்று புரிய, சுரப்பியின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் ஆளுக்கொன்றாக அட்ரினல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். நடுப்பகுதி அட்ரினலினும் நார்அட்ரினலினும் சுரக்கிறது. வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள். மேலடுக்கு ஆல்டோஸ்டிரோன், நடு அடுக்கு கார்ட்டிசால், உள்ளடுக்கு ஆண் ஹார்மோன் வகைகள். இவற்றில் அட்ரினலின் வகையோ கார்ட்டிசாலோ ஆல்டோஸ்டிரோனோ மிகுந்தால் ரத்த அழுத்தம் ஏறலாம். ஆனால் மற்றவை அரிது, ஆல்டோஸ்டிரோன் மிகுவது அரிதல்ல. பொதுவாகப் பார்க்கும் ரத்த அழுத்த நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கும், மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் இதுதான் காரணம் என்று பல நாடுகளில் எடுத்த கணக்குகள் சொல்கின்றன. உங்கள் விவரத்தைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான்.

உடலில் உப்போ ரத்த அளவோ குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியிடும். அது ஆஞ்சியோடென்சினை உருவாக்கும். அந்த ஆஞ்சியோடென்சின் அட்ரினலைத் தூண்ட, ஆல்டோஸ்டிரோன் சுரக்கும். சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், பதிலுக்குப் பொட்டாசியத்தையும் ஹைட்ரஜன் அயனியையும் சிறுநீரில் தள்ளும். சோடியத்தோடு தண்ணீரும் வரும், ரத்த அளவு கூடும், உடனே ரெனின் குறையும், ஆல்டோஸ்டிரோனும் அடங்கும். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும் ஏற்பாடு போலத்தான். இந்த நோயில் தொட்டி வழிகிறது, ரெனின் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது, அப்போதும் அட்ரினல் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நோயின் அடையாளம் ஆல்டோஸ்டிரோன் கூடியிருப்பது மட்டுமல்ல. ரெனின் அடங்கிக் கிடக்கும்போதும் ஆல்டோஸ்டிரோன் அடங்காமல் இருப்பதுதான் அடையாளம்.

இதை முதலில் விவரித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கான். 1954இல் தசைப் பிடிப்பும், அவ்வப்போது கைகால் செயலிழப்பும், உயர் ரத்த அழுத்தமும், மிகக் குறைந்த பொட்டாசியமும் கொண்ட 34 வயதுப் பெண்ணைப் பரிசோதித்து, அட்ரினல்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். அறுவையில் கட்டி கிடைத்தது, அந்தப் பெண் குணமடைந்தார். 1955இல் கட்டுரை வெளியானது. இன்றும் பலர் கான் நோய் என்றே சொல்கிறார்கள். இந்த நோய் பரவலானது என்று அவர் அறுபதுகளிலேயே வாதிட்டார், அப்போது யாரும் ஏற்கவில்லை. பொட்டாசியம் குறைந்தவர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்ததால் நோய் அபூர்வமாகத் தோன்றியது. 1981இல் ஜப்பானில் ஹிரமட்சு குழுவினர் ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகே உண்மையான எண்ணிக்கை வெளிவரத் தொடங்கியது.

இதிலிருந்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் சரியாக இருந்தால் இந்த நோய் இல்லை என்று எண்ணுவது தவறு. நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் 3.5க்கு மேல்தான் இருக்கிறது. உங்களுக்கு 3.1 இருப்பது வலுவான துப்பு. ஆனால் குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தைக் குறைக்கும். 12.5 மி.கி. போன்ற சிறிய அளவிலேயே இவ்வளவு இறங்கினால், அதுவும் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் டெல்மிசார்டன் கூடவே இருக்கும்போது இறங்கினால், சந்தேகம் கூடுகிறது. மாறாக, ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கச் சொன்னால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். செல்கள் உடைந்த மாதிரியிலும் அப்படியே. 3.1 என்பது 3.7 என்று அறிக்கையில் வந்து எல்லோரையும் நிம்மதிப்படுத்திவிடும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், பிபியை இன்னொரு மாத்திரையால் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆல்டோஸ்டிரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை, இதயத் தசையையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் சிறுநீரகத்தையும் நேரடியாகத் தழும்பாக்குகிறது. 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், சாதாரண ரத்த அழுத்தக்காரர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பக்கவாதம் சுமார் இரண்டரை மடங்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் இதயத் துடிப்புக் கோளாறு மூன்றரை மடங்கு, இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு அதிகம் என்று வந்தது. அதற்குரிய மருந்தோ அறுவையோ கிடைத்தால் இந்த அபாயம் குறைகிறது. 38 வயதில் கண்டுபிடிப்பதற்கும் 58 வயதில் பக்கவாதத்துக்குப் பிறகு கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

முதல் பரிசோதனை: ஆல்டோஸ்டிரோனும் ரெனினும்

இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்த மாதிரியில் பார்க்க வேண்டும். ஆல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்தால் வருவதே விகிதம். எண்கள் ஏமாற்றும் இடங்கள் நிறைய இருப்பதால், தயாராவதில் கவனம் வேண்டும்.

முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்யுங்கள். பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதுவே ஆல்டோஸ்டிரோன் சுரப்பைக் கீழே அமுக்கிவிடும், நோய் இருந்தும் அறிக்கை சாதாரணமாக வரும். குறி 4.0. நம் ஊரில் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் வழக்கமாக 15 மி.லி.க்கு 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். தண்ணீரில் நன்றாகக் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புண்ணாக்கும். எத்தனை வேளை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சில நாள் கழித்து மறுபடி அளந்து பார்த்த பிறகே ஹார்மோன் மாதிரி கொடுக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. பிபி இருக்கிறதே என்று பரிசோதனைக்கு முந்தைய வாரம் உப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். உப்பு குறைந்தால் ரெனின் ஏறும், விகிதம் பொய்யாக இறங்கும். வழக்கமாகச் சாப்பிடும் உப்பையே சாப்பிடுங்கள். குறைப்பது எல்லாம் மாதிரி கொடுத்த பிறகு.

மருந்துகள்தான் அதிகக் குழப்பம். ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், எப்ளரினோன், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் அமிலோரைடு ஆகியவை பரிசோதனை முடிவை மிகவும் மாற்றிவிடும், முடிந்தால் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். டெல்மிசார்டன், எனலாப்ரில், குளோர்தாலிடோன் வகைகள் ரெனினை ஏற்றும், அதனால் நோயை மறைக்கும். அட்டனலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா தடுப்பான்களும், குளோனிடினும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ரெனினை இறக்கும், அதனால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். விகிதத்தை அதிகம் பாதிக்காதவை பிரசோசின், டாக்சசோசின், வெராபமில், ஹைட்ரலசின்.

ஆனால் 160/100 இருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நான்கு வாரம் காத்திருப்பது ஆபத்து. அதற்குத் தேவையும் பெரும்பாலும் இல்லை. இப்போது எடுக்கும் மருந்திலேயே முதல் மாதிரியைக் கொடுக்கலாம். 2025இல் வந்த எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டியும் அப்படித் தொடங்குவதை ஏற்கிறது. டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் ரெனினை மேலே தள்ள வேண்டியவை. அவை இருந்தும் ரெனின் அடங்கிக் கிடந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ரெனின் ஏறியிருந்தால் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை மாற்றி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பீட்டா தடுப்பான் எடுப்பவர்கள் எக்காரணம் கொண்டும் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது.

அதிமதுரத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இருமலுக்கும் தொண்டைக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நம் வீடுகளில் வெகு சாதாரணமாகப் புழங்கும் மூலிகை. அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை முடக்குகிறது. அப்போது கார்ட்டிசாலே ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்யும். பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும், பார்வைக்கு அச்சு அசலாகக் கான் நோய். ரத்தத்தில் பார்த்தால் ரெனினும் இல்லை, ஆல்டோஸ்டிரோனும் இல்லை. தினமும் அதிமதுரப் பொடியோ கஷாயமோ எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் பிரச்சினையே காணாமல் போயிருக்கலாம். எப்போதாவது இருமலுக்கு ஒரு துண்டு மென்றவர் பயப்பட வேண்டியதில்லை. நாள்தவறாமல் வாரக்கணக்கில் எடுப்பதே சிக்கல்.

மாதிரி கொடுக்கும் நாளில் காலையில் எழுந்து குறைந்தது இரண்டு மணிநேரம் நடமாடிவிட்டு, 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்த பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. ரெனின் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பக்கூடாது. குளிரில், ரெனினின் செயலற்ற முன்வடிவமான முன்ரெனின் ரெனினாக மாறி எண் பொய்யாக ஏறும். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பும் சேகரிப்பு மையமாக இருந்தால், பிரித்து உறையவைக்கும் வரை அறை வெப்பத்தில்தான் வைத்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அறிக்கை வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள், எண்ணைப் பிறகு பார்க்கலாம். ஆல்டோஸ்டிரோனைச் சில கூடங்கள் நானோகிராம்/டெசிலிட்டரிலும், சில பிகோகிராம்/மி.லி.யிலும் தருகின்றன. 1 நானோகிராம்/டெசிலிட்டர் என்பது 10 பிகோகிராம்/மி.லி., அல்லது 27.7 பிகோமோல்/லிட்டர். ரெனினிலும் இரண்டு வகை: செயல்பாட்டை அளப்பது, நேரடியாக அளவை அளப்பது. செயல்பாடு 1 நானோகிராம்/மி.லி./மணி என்பது நேரடி அளவில் ஏறத்தாழ 8.2 மைக்ரோ யூனிட்/மி.லி. ஆல்டோஸ்டிரோனை நானோகிராம்/டெசிலிட்டரில் எடுத்து வகுத்தால், இரண்டு முறைக்கும் விகிதத்தின் எல்லைக்கோடு வேறு. செயல்பாட்டு முறையில் 20க்கு மேல் சந்தேகம், 30க்கு மேல் வலுவான சந்தேகம். நேரடி முறையில் 2.5ஐத் தாண்டினாலே சந்தேகிக்க வேண்டும். நேரடி முறையில் 12 என்று வந்த விகிதத்தை 30க்குக் கீழ்தானே என்று ஒதுக்கிவிட்டால் நோயாளி பல வருடம் இழந்துவிடுவார்.

உதாரணமாக, ஆல்டோஸ்டிரோன் 24 நானோகிராம்/டெசிலிட்டர், நேரடி ரெனின் 2 மைக்ரோ யூனிட்/மி.லி. என்றால் விகிதம் 12. இது தெளிவான சந்தேகம். இன்னொருவருக்கு ஆல்டோஸ்டிரோன் 4, ரெனின் செயல்பாடு 0.1, விகிதம் 40. பெரிய எண்தான், ஆனால் அது ரெனின் மிகச் சிறியதால் வந்த மாயை. ஆல்டோஸ்டிரோன் 10ஆவது இருந்தால்தான் விகிதத்துக்குப் பொருள் உண்டு. வயதானவர்கள், உப்பு அதிகம் சாப்பிடுபவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் பலருக்கு நோய் இல்லாமலேயே ரெனின் தாழ்ந்திருக்கும். அதேசமயம் பொட்டாசியம் 2.9 இருக்கும்போது எடுத்த ஆல்டோஸ்டிரோன் 9 என்றால் அதைச் சாதாரணம் என்று ஒதுக்காதீர்கள், பொட்டாசியத்தை ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஆல்டோஸ்டிரோன் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஹார்மோன். சந்தேகம் வலுவாக இருந்தால் ஒரு சாதாரண அறிக்கையோடு விட்டுவிடக்கூடாது.

உறுதி செய்வது

பொட்டாசியம் தானாகவே குறைந்து, ரெனின் அளக்க முடியாத அளவுக்கு அடங்கி, ஆல்டோஸ்டிரோன் 20க்கு மேல் இருந்தால் உறுதிச் சோதனை தேவையில்லை. மற்றவர்களுக்கு, உடலில் உப்பை நிறைத்தும் ஆல்டோஸ்டிரோன் அடங்கவில்லை என்று காட்ட வேண்டும். வழக்கமான முறை, 2 லிட்டர் நார்மல் சலைனை (உப்பு நீர்) நரம்பு வழியாக 4 மணிநேரத்தில் ஏற்றி முடிவில் ஆல்டோஸ்டிரோனை அளப்பது. படுத்த நிலையில் 5க்குக் கீழ் என்றால் நோய் இருக்க வாய்ப்பில்லை, 10க்கு மேல் என்றால் உறுதி, இடைப்பட்டது குழப்பம். உட்கார்ந்தபடி செய்தால் இன்னும் நம்பகமாக இருக்கிறது, அதில் 6 எல்லைக்கோடு. பிபி கட்டுக்கடங்காமல் இருப்பவர், இதயம் பலவீனமானவர், சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர், பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தவர் ஆகியோருக்கு இரண்டு லிட்டர் சலைன் ஏற்றுவது ஆபத்து. அவர்களுக்குக் காப்டோப்ரில் 25 முதல் 50 மி.கி. கொடுத்து ஒன்று, இரண்டு மணிநேரத்தில் ஆல்டோஸ்டிரோன் 30 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

இப்போது ஸ்கேன், இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில்

ஆல்டோஸ்டிரோன் மிகுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சிறு கட்டி, அல்லது இரண்டு பக்கச் சுரப்பிகளும் தடித்து அதிகம் சுரப்பது. இரண்டாவது வகையே அதிகம், பல தொகுப்புகளில் பாதிக்கும் மேல். கட்டிகளும் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள், சில 5 மி.மீ. மட்டுமே. ஸ்கேனில் தெரியாமல் போகலாம். இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. வயது ஏற ஏற அட்ரினலில் ஒன்றும் சுரக்காத சாதாரண முடிச்சுகள் வருவது வெகு சகஜம். ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு முடிச்சு தெரிகிறது என்பதற்காக ஆல்டோஸ்டிரோன் அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. சிரை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்கேன் சொன்னது பொருந்தவில்லை. சிலருக்கு இருபக்க நோய், ஸ்கேன் ஒருபக்கம் என்றது. சிலருக்கு ஒருபக்க நோய், ஸ்கேன் இருபக்கம் என்றது. கொஞ்சம் பேருக்கு எதிர்ப்பக்கம்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? பெரிய கட்டியோ புற்றுநோயோ இல்லை என்று பார்க்க, சிரைகள் எங்கே திறக்கின்றன என்று வரைபடம் எடுக்க. 4 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி என்றால் புற்றுநோயை நினைக்க வேண்டும். அட்ரினலுக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. தேவை, பொதுவான வயிற்று அல்ட்ராசவுண்ட் இதற்குப் போதாது. கட்டி தெரிந்தால் இரண்டு பரிசோதனை சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்று, இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. எடுத்து மறுநாள் காலை 8 மணிக்குக் கார்ட்டிசால் பார்ப்பது. 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் இருந்தால் கட்டி கார்ட்டிசாலும் சுரக்கக்கூடும். அது தெரியாமல் கட்டியை எடுத்தால் மறுபக்க அட்ரினல் உறங்கிக் கிடப்பதால் நோயாளி அறுவைக்குப் பிறகு மயங்கி விழலாம். இரண்டு, சி.டி.யில் கட்டியின் அடர்த்தி 10 அலகுக்கு மேல் என்றால், அட்ரினலின் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினை அளக்கும் பரிசோதனை. ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் அட்ரினலின் கட்டியாக இருந்துவிட்டால் அதைத் தொடுவதே உயிருக்கு ஆபத்து. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்துபோகிறவர்களுக்கு இதை முதலிலேயே பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான் தொடங்கும் முன் பீட்டா தடுப்பான் மட்டும் கொடுத்தால் பிபி எகிறிவிடும்.

அட்ரினல் சிரை ரத்தப் பரிசோதனையில், தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இரு அட்ரினல் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுப்பார்கள். இடப்பக்கச் சிரை இடது சிறுநீரகச் சிரையில் சேர்கிறது, அங்கே போவது எளிது. வலப்பக்கம்தான் கையைச் சோதிக்கும். அந்தச் சிரை மிகக் குட்டையானது, பெருஞ்சிரையில் நேராகத் திறக்கிறது, பக்கத்திலேயே கல்லீரலின் சிறு சிரைகளும் உண்டு. அனுபவம் குறைந்த மையங்களில் பரிசோதனை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சரியான இடத்தில்தான் எடுத்தார்களா என்று தெரிய, ஒவ்வொரு மாதிரியிலும் கார்ட்டிசாலும் அளக்க வேண்டும். அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனை (தூண்டு ஹார்மோன்) கொடுத்துச் செய்யும்போது அட்ரினல் சிரைக் கார்ட்டிசால், கைச் சிரையைவிட ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் வேறெங்கோ இருந்திருக்கிறது, அந்த அறிக்கையை நம்பி அறுவை செய்யக்கூடாது.

கணக்கு இப்படி: வலப்பக்கம் ஆல்டோஸ்டிரோன் 2400, கார்ட்டிசால் 600, வகுத்தால் 4. இடப்பக்கம் ஆல்டோஸ்டிரோன் 300, கார்ட்டிசால் 500, வகுத்தால் 0.6. இரண்டுக்கும் விகிதம் 6.7. தூண்டு ஹார்மோனோடு செய்யும்போது 4ஐத் தாண்டினால் ஒருபக்க நோய், ஆகவே வலப்பக்கத்தை எடுக்கலாம். கார்ட்டிசாலால் வகுப்பது ஏனென்றால், இடப்பக்க மாதிரியில் உதரவிதானச் சிரை ரத்தம் கலந்து நீர்த்துப்போகும், வெறும் ஆல்டோஸ்டிரோன் எண்ணை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

எல்லோருக்கும் இது தேவையா? 35 வயதுக்குக் கீழ், பொட்டாசியம் குறைவு, ஆல்டோஸ்டிரோன் மிக அதிகம், சி.டி.யில் ஒரு பக்கம் தெளிவான கட்டி, மறுபக்கம் சுத்தம். இவை எல்லாம் பொருந்தினால் நேராக அறுவைக்குப் போகலாம் என்று வழிகாட்டிகள் அனுமதிக்கின்றன. உங்களுக்கு 38. நான் பரிசோதனையின் பக்கம்தான் சாய்வேன். அறுவையே வேண்டாம், மாத்திரையிலேயே இருந்துகொள்கிறேன் என்று முடிவெடுப்பவருக்கும் இது தேவையில்லை. குறைவான மையங்களில்தான் செய்கிறார்கள். போகுமுன், வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், வலப்பக்கச் சிரை எத்தனை சதவீதத்தில் கிடைக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். சரியான மையம் இந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லும்.

அறுவையா, மாத்திரையா

ஒருபக்க நோய் என்றால் லேப்பராஸ்கோப்பி முறையில் அந்தச் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவார்கள். மறுபக்கச் சுரப்பி ஒன்றே ஆயுளுக்கும் போதும். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பல நாட்டு மையங்கள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் 94 சதவீதம் பேருக்கு ஹார்மோனும் பொட்டாசியமும் சரியானது. ஆனால் பிபி மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர்கள் 37 சதவீதம்தான். இன்னும் 47 சதவீதம் பேருக்கு மாத்திரை குறைந்தது அல்லது பிபி மேம்பட்டது. பெண்கள், ஒல்லியானவர்கள், ஆறு வருடத்துக்குள் பிபி வந்தவர்கள், ஒன்றிரண்டு மாத்திரையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு முழுக் குணம் வாய்ப்பு அதிகம். மூன்று வருடம் என்பது உங்களுக்குச் சாதகம்.

அறுவை முடிந்த மறுநாளே பொட்டாசியம் சிரப்பையும் ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்திவிட வேண்டும். இதை மறந்து பழைய சீட்டையே தொடர்வது நடக்கிறது. மறுபக்கச் சுரப்பி நெடுநாள் அமுங்கிக் கிடந்ததால் விழித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும், அதுவரை பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை பொட்டாசியமும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள், அந்த நாட்களில் உப்பைக் குறைக்காதீர்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் அறுவை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதிக அழுத்தத்தில் வடிகட்டிக்கொண்டிருந்த சிறுநீரகத்தின் உண்மை நிலை இப்போதுதான் தெரிகிறது.

இருபக்க நோய்க்கு மாத்திரைதான். ஸ்பைரோனோலாக்டோன் 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்கு மார்பகத்தில் வலியோ வீக்கமோ வரலாம். 50 மி.கி.க்குக் கீழே சுமார் 7 சதவீதம், 150க்கு மேல் பாதிப் பேருக்கு. வந்தால் எப்ளரினோனுக்கு மாற்றலாம். அது வலுவில் ஏறத்தாழ பாதி, தினம் இரண்டு வேளை வேண்டும், விலையும் கூட. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு மாறலாம். கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், கர்ப்பத்தில் ஸ்பைரோனோலாக்டோன் கூடாது.

தொடங்கிய ஒரு வாரம், நான்கு வாரம், மூன்று மாதம் என்று பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோனும் டெல்மிசார்டனும் சேர்ந்து இருக்கும்போது பொட்டாசியம் சிரப்பை மருத்துவர் சொல்லாமல் தொடரக்கூடாது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது, அதைத் தவிர்க்கவும். தினமும் இரண்டு மூன்று இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் இந்த மருந்தில் இருக்கும்போது குறைக்க வேண்டும், முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால். அதேசமயம் சாதாரண உப்பைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். ஆல்டோஸ்டிரோன் செய்யும் கெடுதல் உப்பு நிறைந்த உடலில்தான் முழு வேகத்தில் நடக்கிறது. நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு இவற்றை நிறுத்தினாலே பலருக்குப் பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

மருந்தளவு போதுமா என்பதை பிபி எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சில மாதம் கழித்து ரெனினை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ரெனின் செயல்பாடு 1ஐத் தாண்டி எழுந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனின் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். பிபி இறங்கியும் ரெனின் இன்னும் அடங்கியே கிடந்தால், இதய நோய் அபாயம் குறையவில்லை என்று 2018இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்போது மருந்தளவைக் கூட்ட இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

பரிசோதனை எதற்கும் வழியில்லாத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மருந்துக்கு அடங்காத பிபிக்கு நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் 25 முதல் 50 மி.கி. சேர்ப்பதே மற்ற மருந்துகளைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2015இல் பிரிட்டனில் நடந்த பாத்வே-2 ஆய்வு காட்டியது. சிறுநீரகமும் பொட்டாசியமும் இடம் கொடுத்தால் மருத்துவர் அதைத் தொடங்கலாம். முடியுமென்றால் தொடங்கும் முன் ஒரே ஒரு முறை ரெனினுக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கும் மாதிரி கொடுத்துவிடுங்கள், பிறகு நிறுத்திப் பரிசோதிப்பது கடினம்.

குடும்பத்தில் யாருக்காவது 40 வயதுக்குள் பக்கவாதமோ, சின்ன வயதிலேயே பிபியோ வந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். பரம்பரையாக வரும் வகைகள் அரிது, ஆனால் அவற்றில் ஒன்றுக்குச் சிகிச்சையே வேறு. அதில் ஆல்டோஸ்டிரோன், கார்ட்டிசாலைத் தூண்டும் ஹார்மோனின் கட்டுப்பாட்டில் போய்விடுகிறது, குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையே அதை அடக்கும். 20 வயதுக்குள் இந்த நோய் தெரிந்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் உறுதியானவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கு பிபி இருந்தால் அவர்களும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.